விளித்தால் என்ன குற்றம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலிருந்து சென்னைக்குக் குடிவந்து இரண்டு வருடமாகிறது. ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சென்ற வாரம் தோழியிடம், டீச்சர் விளிப்பதாக, அதாவது கூப்பிடுவதாக, சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. “மலையாளமா?” என்று கேட்டவர் தமிழாசிரியை. எட்டாம் வேற்றுமைக்கு விளிவேற்றுமை என்று பெயர் சொல்லிக் கொடுப்பவரும் அவரேதான்!

தண்ணீரை வெள்ளம் என்பதும் பலாவைச் சக்கை என்பதும் மரவள்ளியை மரச்சீனி என்பதும் எங்கள் வீட்டுப் பேச்சு. 1956 நவம்பர் 1 அன்றுதான் எங்கள் பகுதி தமிழகத்தோடு இணைந்தது. மலையாள வாடை வீசத்தான் செய்யும். அதற்காக நாங்கள் பேசுவது தமிழ் இல்லையென்று ஆகிவிடுமா? மெதுவாக நடக்கச் சொல்ல ‘பைய நட’ என்பதைத் தென்மாவட்டங்களில் இன்றும் கேட்கலாம். ‘பசையினள் பைய நகும்’ என்று வள்ளுவர் எழுதினால் மனப்பாடப் பகுதி. என் மாமியார் சொன்னால் பட்டிக்காடு.

தேர்வுத்தாளில் பொதுத்தமிழ்தான் வேண்டும், மறுக்கவில்லை. மதிய இடைவேளைப் பேச்சுக்குமா சிவப்பு மை? (நெல்லைத் தமிழென்றால் அரிவாள், சென்னைத் தமிழென்றால் ரவுடி என்று சினிமா பழக்கிவைத்திருப்பது தனிக்கதை.)

இப்போது மகள் வீட்டிலும் ‘தண்ணீர்’ என்றே கேட்கிறாள். ஊரிலிருந்து பாட்டி போனில் பேசும்போது மட்டும், வாசற்கதவைச் சாத்திவிட்டு, பழைய பேச்சு.

— ஒரு குமரி மாவட்டத் தாய், சென்னை