குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு எட்டு முறை கூடியது. வடிகால் தூர்வாரப்பட்டது. தெருவிளக்குக்கு மனு கொடுத்தோம், இப்போது எரிகிறது. கண் பரிசோதனை முகாமும் விளையாட்டுப் போட்டியும் வழக்கம்போல் நடந்தன.

சனிக்கிழமைதோறும் நாற்காலி போட்டு, வருபவர்கள் மனம் விட்டுப் பேசுவதை முறை வைத்துக் கேட்கிறோமே, அந்தச் சனிக்கிழமை நாற்காலிகளைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "நலச் சங்கத்துக்கு எதற்கு இந்த வேலை?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அதற்கான பதில் இது.

ஓர் உறுப்பினர் எட்டு மாதமாகச் சந்தா கட்டவில்லை. மூன்று நினைவூட்டல் அனுப்பினேன். மூன்றாவதில், "சங்கத்தின் மீது அக்கறை இல்லாதவர்கள்" என்று எழுதியிருந்தேன். மறுவாரம் அவர் மனைவி வந்து முழு நிலுவையையும் கட்டினார். ரசீதை நான்காக மடித்துக்கொண்டே, "அவர் வாசப்படி தாண்டியே நாளாச்சு சார்" என்றார். அடுத்த நாள் வீட்டுக்குப் போனேன். "கட்டணும்னு ஃபோனை எடுப்பேன். ஸ்க்ரீனையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் வெச்சிடுவேன்" என்றார் அவர். கையில் பணம் இல்லாமல் இல்லை. இப்போது சிகிச்சையில் இருக்கிறார், நன்றாகத் தேறி வருகிறார். அவர் அனுமதியோடுதான் பெயரில்லாமல் இதை எழுதுகிறேன். அந்த வாசகத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, ஒரு மனநல மருத்துவரை அழைத்துப் பேச வைத்தோம். எதிலும் பிடிப்பில்லாமை, தூக்கம் கெடுதல், சின்ன முடிவுகூட எடுக்க முடியாமை போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாடம் நீடித்தால் சோம்பல் என்று தள்ளிவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றார். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், கொஞ்சம் தேறியதும் நாமாக நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நானும் பயந்தவன்தான். அப்படி ஆவதில்லை, கேட்பதே பலருக்கு ஆறுதல் என்று அவர் விளக்கினார்.

நம் நாற்காலிகளைப் போன்ற ஒன்று ஏற்கெனவே உண்டு. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனவேதனையோடு வருபவர்களிடம் பேச மருத்துவமனை வளாகத்தில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். முதலில் 'மனநல பெஞ்சு' என்று பெயர். யாரும் உட்காரவில்லை. பாட்டிமார் சொல்லித்தான் 'நட்பு பெஞ்சு' ஆனது. அவர்கள் மொழியில் இந்த வேதனைக்குக் 'குஃபுங்கிசிசா' என்று பெயர், அதாவது அளவுக்கு மீறி யோசிப்பது. "ரொம்ப யோசிக்காதே" என்று நாமும்தான் தினமும் சொல்கிறோம். ஆனால் என்ன யோசிக்கிறாய் என்று கேட்பதில்லை.

இதைப் படித்த பிறகும் 'மனநல ஆலோசனை' என்றே பலகை வைத்தேன். நான்கு வாரம் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. 'சும்மா பேசலாம்' என்று மாற்றிய வாரமே ஒருவர் வந்தார். தண்ணீர் மோட்டார் பற்றி இருபது நிமிடம் பேசினார். எழுந்து போகும்போது, மகன் பேசுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது என்றார். திரும்ப உட்காரச் சொன்னேன்.

நாங்கள் டாக்டர் இல்லை. அறிவுரை சொல்வதில்லை, குறுக்கே பேசுவதில்லை, கேட்டதை வெளியே சொல்வதில்லை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் தனியே விடாமல், குடும்பத்தாரிடம் சொல்லி, மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம்.

வருத்தமும் உண்டு. முறை வைத்து உட்கார ஒன்பது பேர் பெயர் கொடுத்தீர்கள். தவறாமல் வருபவர்கள் மூன்று பேர். நான் ஊரில் இல்லாத ஒரு சனிக்கிழமை, முறைக்காரர் வரவில்லை. ஒரு பெண்மணி வந்து அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்துவிட்டுப் போனதாகக் காவலாளி சொன்னார். யாரென்று தெரியவில்லை. இதுவரை மறுபடி வரவும் இல்லை. வேலை இருக்கும், தெரியும். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு ஆளை உட்கார வைத்திருப்பேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, காரணம் வடிகால் வேலையும் சந்தா நிலுவையும். நாற்காலிகளுக்குச் சங்கப் பணம் செலவாகவில்லை, பலகைக்கு மட்டும் ஆனது. தலைவர், பொருளாளர், காவலாளி, பேச வந்த மருத்துவர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு, இரண்டாவது நினைவூட்டலுக்குப் பிறகு கடிதம் போகாது. யாராவது ஒருவர் நேரில் வீட்டுக்குப் போய் நலம் விசாரிப்பார். வசதியிருந்தும் மறந்தவர்கள் இந்த மாதமே சந்தாவைக் கட்டிவிட்டால், உண்மையிலேயே போக வேண்டிய வீடுகளுக்கு நேரம் கிடைக்கும். அதற்கும் சனிக்கிழமை முறைக்கும் சேர்த்து இன்னும் ஆறு பேராவது வேண்டும். பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. வர முடியும் என்றால் மட்டும் பெயர் எழுதுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்