வாப்பாவுக்கு, நியூ ஜெர்சியிலிருந்து

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலமும் உம்மா நலமும் அறிய ஆவல்.

சனிக்கிழமைகளில் முஸ்லிம் உரிமை அமைப்பு ஒன்றின் அலுவலகத்துக்குப் போய் வருகிறேன் என்று போனில் சொன்னதும் உங்கள் குரல் மாறிவிட்டது. “பிழைக்கப் போன இடத்தில் உனக்கெதுக்கும்மா இந்த வம்பு?” என்று கேட்டீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்ததால் அப்போது விவரமாகப் பேச முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அங்கே என் வேலை போன் எடுப்பதுதான். வேலையிடத்தில் முக்காடு போடாதே என்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் பையனைத் தீவிரவாதி என்று கூப்பிடுகிறார்கள், விமான நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் தனியே நிறுத்திவைக்கிறார்கள் என்று அழைப்பார்கள். என்றைக்கு நடந்தது, மேலாளர் சொன்ன வார்த்தை என்ன, பக்கத்தில் யார் இருந்தார்கள், மெயில் ஏதும் கையில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் படிவத்தில் எழுதுவேன். கோபத்தோடு ஆரம்பிக்கிறவர்கள்கூடத் தேதி கேட்டதும் நிதானத்துக்கு வந்துவிடுவார்கள். அப்புறம் வக்கீல் படித்துப் பார்ப்பார். இதில் வழக்கில்லை என்று அவர் கையை விரிப்பதும் உண்டு.

கோர்ட் வரை போவது குறைவு. அநேகமாக ஒரு கடிதத்திலேயே முடிந்துவிடும். 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் இருக்கிறது. தொழிலுக்குப் பெரிய சிரமம் வராத வரையில், ஊழியரின் மதக் கடமைக்கு முதலாளி இடம் கொடுத்தாக வேண்டும். ஜும்ஆ தொழுகைக்குப் போகவிடவில்லை என்று ஒரு கிடங்குத் தொழிலாளி கூப்பிட்டார். சட்டப் பிரிவைக் காட்டி வக்கீல் எழுதிய கடிதம் போனது, ஷிஃப்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு அந்தச் சட்டம் இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தாலும் தனியாளாக எழுதத் துணிந்திருக்க மாட்டார். இப்படி ஒரு அமைப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்ல, வாப்பா?

ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவில் சமந்தா இலாஃப் என்ற 17 வயதுப் பெண் 2008இல் துணிக்கடை வேலைக்கு விண்ணப்பித்தாள். தலைத்துணியைக் காரணமாக வைத்து வேலை தரவில்லை. வேலைவாய்ப்பில் பாரபட்சத்தை விசாரிக்கிற அரசு ஆணையமே அவளுக்காக வழக்குப் போட்டது. முஸ்லிம் அமைப்புகளோடு சீக்கியர், யூதர், கிறிஸ்தவர் அமைப்புகளும் ஆதரவாக மனு கொடுத்தன. 2015இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்று அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு டர்பன் கட்டுகிறவருக்கும் பொருந்தும், யூதர்களின் குல்லாவுக்கும் பொருந்தும்.

நான் இருக்கும் மாநிலத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். செப்டம்பர் 11க்குப் பிறகு நியூ யார்க் போலீஸ் தன் எல்லையைத் தாண்டி வந்து இங்குள்ள பள்ளிவாசல்களையும் கடைகளையும் மாணவர் சங்கங்களையும் வேவு பார்த்தது. 2009இல் நியூ பிரன்ஸ்விக்கில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ஒரு அடுக்குமாடி வீட்டைத் திறந்து பார்த்த கட்டட மேற்பார்வையாளர் உள்ளே கணினிகளும் படங்களுமாகக் கிடந்ததைக் கண்டு பயந்து 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைத்தார். வந்து பார்த்தால், அது நியூ யார்க் போலீஸே ரகசியமாக வைத்திருந்த வீடு! இன்னொரு குறிப்பில், படகுச் சவாரிக்குப் போன நியூ யார்க் மாணவர்கள் நாளுக்கு எத்தனை முறை தொழுதார்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் சுற்றுலா போனால் என்ன செய்வார்களோ அதைத்தான் அவர்களும் செய்தார்கள். அது போலீஸ் ஆவணத்தில் ஏறிவிட்டது.

2011இல் பத்திரிகைகள் இதை வெளியே கொண்டுவந்தன. சமூகங்களை வேவு பார்த்த அந்தப் பிரிவு கொடுத்த தகவல்களால் ஆண்டுக்கணக்கில் ஒரு விசாரணைகூடத் தொடங்கவில்லை என்று 2012இல் ஒரு போலீஸ் உயர் அதிகாரியே வாக்குமூலம் கொடுத்தார். அமெரிக்க ராணுவ ரிசர்வ் படையில் இருந்த ஒருவர் முதல் வாதியாக நிற்க, ‘முஸ்லிம் அட்வகேட்ஸ்’ அமைப்பும் அரசியலமைப்பு உரிமைகள் மையமும் நியூ யார்க் நகர நிர்வாகத்தின் மேல் வழக்கு நடத்தின. 2014இல் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அடுத்த ஆண்டு பிலடெல்ஃபியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்துவைத்ததை நீதிபதிகள் நினைவுபடுத்தினார்கள். 2018இல் நகர நிர்வாகம் சமரசத்துக்கு வந்தது.

எல்லாம் ஜெயம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 2017இல் முஸ்லிம் நாடுகள் சிலவற்றிலிருந்து வருவதற்கு டிரம்ப் போட்ட தடையை எதிர்த்து வக்கீல்கள் விமான நிலையத் தரையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து மனு எழுதினார்கள். மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அந்தத் தடையை, மூன்றாம் தடவை திருத்திய வடிவத்தில், செல்லும் என்று சொல்லிவிட்டது. பைடன் பதவியேற்ற நாளில்தான் அது ரத்தானது.

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பியதையும் படித்தேன். 1994இல் இங்கே தொடங்கிய ‘கேர்’ (CAIR) என்ற முஸ்லிம் உரிமை அமைப்பின் மேல் குற்றச்சாட்டுகள் இருப்பது உண்மைதான். 2007இல் ஒரு அறக்கட்டளை வழக்கில் அரசு வக்கீல்கள் கொடுத்த, குற்றம் சாட்டப்படாத கூட்டாளிகளின் நீண்ட பட்டியலில் அதன் பெயரும் இருந்தது. அமைப்பு மறுத்தது. 2014இல் ஐக்கிய அரபு அமீரகம் அதைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அப்போது அமெரிக்க அரசு அதை ஏற்கவில்லை. நான் போகுமிடம் அதுவல்ல. ஆனாலும் சொல்கிறேன், இந்த அமைப்புகளின் தலைவர்கள் மேடையில் பேசுகிற எல்லாமும் எனக்கு ஒப்புதல் இல்லை. நம் ஆட்களை நாமே கேள்வி கேட்காவிட்டால் மற்றவர்களைக் கேட்க முடியாது. ஆனால் அதே ‘கேர்’ வக்கீல்கள்தான், விமானத்தில் ஏறத் தடைவிதிக்கப்பட்ட ஒருவரின் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை நடத்தி, 2024இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அது தொடரலாம் என்று சொல்லும்படி செய்தார்கள். அதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்?

இப்படிப்பட்ட தொண்டு அமைப்புகள் எந்த வேட்பாளருக்கும் ஓட்டுக் கேட்கக் கூடாது. கேட்டால் வரிவிலக்கு போய்விடும். அதனால் கட்சி அரசியலில் மாட்டிக்கொள்வேனோ என்ற கவலை வேண்டாம். கிரீன் கார்டு விஷயத்தையும் வக்கீலிடம் கேட்டுவிட்டேன். பயமே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், இப்போதைய காலம் அப்படி. ஆனால் இங்கே பிறந்த உங்கள் பேத்தி பள்ளிக்கு முக்காடு போட்டுக்கொண்டு போகிறாள். அவளை யாரும் எதுவும் சொல்லாமல் இருப்பது தானாக வந்ததில்லை, யாரோ முன்னாடி புகார் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் மாநிலத் தலைநகர் ட்ரென்டனில் சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்திக்க ஒரு குழு போகிறது, என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். போகலாமென்று இருக்கிறேன். உங்கள் மருமகனுக்கும் சம்மதம். நீங்களும் துஆ செய்யுங்கள். உம்மாவிடம் இதை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.

உங்கள் அன்பு மகள்