பிள்ளைகளின் உண்டியலும் பெரியவர்களின் வாக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே சேமிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று எழுதுகிறவர்கள், உண்டியல் வாங்கிக் கொடுங்கள், வரவு செலவு எழுதப் பழக்குங்கள் என்ற அளவில் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த உண்டியலில் பெரியவர்கள் கைவைக்கும்போது பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது என்பதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நானும் அக்காவும் ஓராண்டாகச் சேர்த்து வந்த உண்டியலை, வீட்டில் ஏற்பட்ட ஓர் அவசரத்துக்காக அப்பா ஒரு நாள் இரவு உடைத்தார். அடுத்த மாதம் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார். ஏமாற்றும் எண்ணத்தில் அவர் அப்படிச் சொல்லவில்லை. அன்றைய நெருக்கடியில் அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் பணம் திரும்பி வரவில்லை. கேட்டால் அவர் முகம் வாடிவிடும் என்று நாங்களும் கேட்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் பிறகு யாரும் வாய் திறக்கவும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு பத்து ஆண்டுகள் வரை, சம்பளம் வந்த வாரமே அதில் பெரும்பகுதியை ஏதாவது பொருளாக மாற்றிவிடுவது என் வழக்கமாக இருந்தது. பொருளாகிவிட்டால் அது என்னுடையது, பணமாகவே கிடந்தால் யாருடைய அவசரத்துக்காவது போய்விடும் என்ற நினைப்பு உள்ளே ஓடிக்கொண்டிருந்ததை நான் மிகத் தாமதமாகவே உணர்ந்தேன். அதுவரை, ஊதாரி என்று மற்றவர்கள் சொன்னதை நானும் நம்பியிருந்தேன். அதே வீட்டில், அதே இரவைப் பார்த்த என் அக்காவோ நேர் எதிராக ஆனார். கையில் போதுமான பணம் இருந்தும், கால் உடைந்த மூக்குக்கண்ணாடியை நூல் சுற்றியே இரண்டு ஆண்டுகள் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் ஆட்டிவைத்தது ஒரே அச்சம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இதை என் சொந்தக் கதையாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. ஓர் இனிப்பை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று குழந்தைகளிடம் சொல்லி, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960-களின் இறுதியில் தொடங்கிய சோதனையைப் பலரும் அறிவார்கள். காத்திருக்கும் பொறுமை பிள்ளையின் பிறவிக்குணம் என்பதற்குச் சான்றாகவே அது ஊரெங்கும் பரவியது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் செலஸ்ட் கிட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் அச்சோதனைக்கு முன்னால் ஒரு கட்டத்தைச் சேர்த்தார்கள். 28 குழந்தைகளில் பாதிப் பேருக்கு, படம் வரைய நல்ல பொருட்கள் கொண்டுவருவதாகச் சொல்லி, சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். மீதிப் பேரிடம் அவ்வாறே சொல்லிப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்து, இல்லை என்று மன்னிப்புக் கேட்டார். பிறகு இனிப்பை வைத்தபோது, முதல் பிரிவினர் சராசரியாக 12 நிமிடங்கள் காத்திருந்தார்கள்; ஏமாற்றமடைந்தவர்கள் 3 நிமிடங்களே தாக்குப்பிடித்தார்கள். சொன்ன சொல் தவறும் இடத்தில் கையில் இருப்பதை உடனே தின்றுவிடுவது அந்தக் குழந்தையைப் பொறுத்தவரை சரியான கணக்கே என்பதால், அதைப் பொறுமையின்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணத்தைக் கையாளும் பழக்கம் ஏழு வயதுக்குள் முடிவாகிவிடும் என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றிய 1960 முதல் 2007 வரையிலான கணக்கெடுப்புகளை ஆராய்ந்து பொருளியலாளர்கள் உல்ரிகே மால்மெண்டியரும் ஸ்டெஃபான் நாகெலும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்நாளில் பங்குச்சந்தையின் வீழ்ச்சியை அதிகம் கண்டவர்கள் பின்னாளிலும் அதில் பணம் போடத் தயங்கியது தெரியவந்தது. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய அனுபவத்தின் தடமும் அதில் இருந்தது. எனினும் அண்மைக்கால அனுபவமே கூடுதல் எடையோடு இருந்தது. பழைய பாடத்தின் மேல் புதிய பாடம் எழுத இடமிருக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சென்ற ஆண்டு எனக்கும் ஓர் அவசரம் வந்தது. மகளின் உண்டியலிலிருந்து எடுக்கும் முன் அவளிடம் அனுமதி கேட்டேன். தொகையையும் திருப்பித் தரும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு உண்டியலின் மேல் ஒட்டினேன். அந்தத் தேதியில் பணத்தைக் கொடுத்தபோது, அவள் இருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்தாள். பிறகு, நான் எதுவும் சொல்லாமலேயே, பணத்தை ஒவ்வொன்றாக உண்டியலில் போட்டாள்.

பிள்ளைகளின் சேமிப்பைப் பற்றித் தங்கள் நாளிதழ் இனி கட்டுரை வெளியிடும்போது, அதன் ஒரு பகுதியையாவது பெற்றோரை நோக்கி எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையிடம் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர முடியாமல் போனால், அதை மறைக்காமல் அவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதையும் அதில் சேர்த்தால் நன்றாக இருக்கும். என் அப்பாவுக்கு அதைச் சொல்லித்தர அன்று யாரும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்