புரட்டாசியில் ஆயாவுக்கும் ஒரு கை தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். டொராண்டோவில் உன் தெருவே மஞ்சளும் சிவப்புமாக மாறத் தொடங்கிவிட்டது. பகல் குறையக் குறைய இலையில் பச்சையம் சிதைந்து, உள்ளே மறைந்திருந்த மஞ்சள் வெளியே வருகிறது என்று பாப்பாவுக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததையும் எழுதியிருந்தாய். அப்புறம் கடைசியில், "நம்ம ஊர்ல இதெல்லாம் ஏதுக்கா, வெயில், விட்டா இன்னும் கொஞ்சம் வெயில்" என்று ஒரு வரி. அந்த வரிக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உன்னிடம் கேட்க ஒன்றும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலூர் வெயிலைப் பற்றி ஊர் உலகம் பேசுவது சரிதான். சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டிக் காயும்போது நமக்கு வேறு பருவமே கிடையாது என்றுதான் தோன்றும். ஆனால் புரட்டாசியை நீ மறந்துவிட்டாய். பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று சொல்வார்களே, அது எந்த ஊருக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, நம் வட ஆற்காட்டுக்கு அப்படியே பொருந்தும். பகலெல்லாம் சுள்ளென்று அடிக்கிறது. நாலு மணிக்கு மேல் மேற்கே ஏலகிரிப் பக்கம் கருக்கத் தொடங்கி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு இடி, மின்னலோடு ஊற்றிவிட்டுப் போகிறது. விடியற்காலையில் போர்வையைத் தேடுகிறோம். செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் சமமாவது உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான். அதற்குப் பிறகு அங்கே பகல் விறுவிறுவென்று தேய்கிறது, இங்கே மெல்லத் தேய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இலை மஞ்சளாவது நம் ஊரிலும் உண்டு தம்பி. நீ அண்ணாந்து பார்த்துத் தேடுகிறாய், நம்முடையது தரையில் இருக்கிறது. நிலத்தில் போட்ட மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, இப்போதுதான் முற்றுகிறது. போன வாரம் நிலத்துப் பக்கம் போனேன். குத்தகைக்காரர் ஒரு செடியைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். அடி இலைகள் பழுத்து உதிர்ந்திருந்தன. முந்தின ராத்திரி மழை பெய்ததால் மண் பொதபொதவென்று விட்டுக்கொடுத்து, காய் ஒன்றுகூட உள்ளே அறுந்து நிற்காமல் கொத்தோடு வந்துவிட்டது. அப்பா செய்கிற மாதிரியே ஒரு காயை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தால் இன்னும் பிஞ்சு, கருத்திருந்தால் முற்றிவிட்டது. கருத்திருந்தது. அடுத்த காயில் பாதிதான் கருப்பு. இன்னும் ஒரு வாரம் விடலாம் என்றார் அவர்.

ஊரில் மற்றதெல்லாம் வழக்கம்போல. கறிக்கடையில் கூட்டம் இல்லை. சனிக்கிழமைகளில் பையன்கள் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு, சொம்புக்கும் நாமம் போட்டு, "கோவிந்தா" என்று வாசலில் வந்து நிற்கிறார்கள். நீ ஒரு வருஷம் வாங்கி வந்த அரிசியில் பாதியை வழியிலேயே கொட்டிவிட்டு அழுதாயே, அதே தெருவில்தான். மூன்றாம் சனிக்கிழமை தளிகை போட்டோம். காகிதத்தில் மட்டும் ஊர் எங்கெங்கோ போய்விட்டது. 1989 செப்டம்பர் 30-ல் வட ஆற்காட்டை இரண்டாக்கினார்கள். பிறகு வேலூர் மாவட்டம் என்று எழுதினோம். 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். அம்மா கடைசி வரை யார் கேட்டாலும் வட ஆற்காடு என்றுதான் சொன்னார். எனக்கும் அதுதான் வாயில் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 30 அன்று பாப்பா ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவதைப் பற்றி எழுதியிருந்தாய் அல்லவா, அது என் மனதை விட்டுப் போகவில்லை. பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்து வைத்ததையும், அங்கிருந்து வீடு திரும்பாமலே போன பிள்ளைகளையும் நினைக்கிற நாள். 2021 முதல் கனடா அரசே அதை அனுசரிக்கிறது. பில்லிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு, 1973-ல், பள்ளிக்கூடம் போகப் பாட்டி ஆசையாக வாங்கிக் கொடுத்த ஆரஞ்சுச் சட்டையை முதல் நாளே கழற்றி எடுத்துக்கொண்டார்கள் என்று படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பிள்ளைகளுக்கும் பாப்பாவுக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் அவர்களுக்காகச் சட்டை போட்டுக்கொள்கிறாள். அது சரியான காரியம் என்று முழு மனதோடு நினைக்கிறேன்.

அதனால்தான் கேட்கிறேன். மாளய அமாவாசைக்கு நீ அங்கே அப்பா, அம்மாவுக்குத் தர்ப்பணம் செய்வாய், தெரியும். அந்த நாளில் மேட்டுத் தெரு ஆயாவையும் சேர்த்துக்கொள்.

உனக்கு ஆயாவின் முகம் எவ்வளவு நினைவிருக்குமோ தெரியாது, நீ சின்னப் பிள்ளை. மல்லாட்டை ஆய வரும் பெண்களில் ஆயாதான் மூத்தது. அம்மாவும் கழனியில் இறங்கிவிடுவார் என்பதால், வரப்போரத்துப் புங்கமரத்தில் உனக்குத் தூளி கட்டி, ஆயா அதன் கீழேயே உட்கார்ந்துகொள்ளும். செடியை மடியில் போட்டு இரண்டு கையாலும் காயை ஆய்ந்துகொண்டே, நீ சிணுங்கினால் கால் கட்டைவிரலால் தூளிக் கயிற்றை இழுத்து ஆட்டும். கை நிற்காது. நீ கொஞ்சம் வளர்ந்த பிறகு, பால் பிடித்த இளங்காயாகப் பொறுக்கிப் பல்லால் உடைத்து, பருப்பை உன் வாயில் போடும். கூலியைக் காயாகவே அளந்து கொடுப்பார்கள். அந்தக் காயிலும் ஒரு கை அள்ளி உன் டவுசர் பையில் திணித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும். ஆயாவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. புருஷன் ஆம்பூர்த் தோல் ஷெட்டில் வேலை செய்து சீக்கிரமே போய்விட்டார். ஆயாவைப் பாலாற்றங்கரையில்தான் அடக்கம் செய்தார்கள். 2021 நவம்பரில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியதே, அதில் அந்த மேடும் கரைந்துவிட்டது. இப்போது அங்கே மணலும் முள்செடியும்தான்.

வாணியம்பாடியில் ஒரு நினைவுத் தூண் உண்டு. 1903 நவம்பரில் மைசூர்ச் சீமையில் ஏரிகள் உடைந்து, இதே பாலாற்றில் ராத்திரியோடு ராத்திரியாக வந்த வெள்ளத்தில் செத்தவர்களுக்காக வைத்தது. அவர்களுக்காவது ஒரு தூண் இருக்கிறது.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம சாதி சனமா அது, நமக்கு என்ன முறை?" என்றார். முறை இருக்கிறது தம்பி. வருஷத் திதி அப்பா, அம்மாவுக்கு மட்டும். மாளயம் அப்படியில்லை. இரண்டு பக்கத்திலும் மூன்று தலைமுறைக்குக் கொடுத்த பிறகு, காருண்ய பித்ருக்கள் என்று ஒரு வரிசை வருகிறது. அத்தை, மாமன், சித்தி, பாடம் சொன்ன வாத்தியார், சிநேகிதன் எல்லாருக்கும் அதில் இடம் உண்டு. எல்லாம் முடிந்து கடைசியாக விடுகிற தண்ணீருக்கு ஒரு மந்திரம் இருக்கிறது. யாருக்குத் தாய் இல்லையோ, தகப்பன் இல்லையோ, சொந்தம் என்று யாருமே இல்லையோ, அவர்கள் எல்லாரும் இந்தத் தர்ப்பை நீரால் திருப்தி அடையட்டும் என்பது அதன் பொருள். சாதியைக் கேட்கவில்லை அந்த மந்திரம். பெரியப்பா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நானே செய்துவிடுவேன். ஆனால் எள்ளும் தண்ணீரும் விடுவது ஆண்பிள்ளை கையால்தான் என்று ஊர் இன்னும் பிடிவாதமாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை, அதை இன்னொரு நாள் பேசுவோம். இப்போதைக்கு, ஆயாவின் கையால் தின்று வளர்ந்தவன் நீ, அதனால் உன் கையால் நடப்பதுதான் பொருத்தம். வாத்தியார் பெயர்களைக் கேட்டுக்கொண்டே வருவார், காருண்ய வரிசை வரும்போது நிறுத்தி ஆயாவின் பெயரைச் சொல். பெயர் உனக்குத் தெரிந்திருக்காது, நாம் ஆயா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். மேட்டுத் தெருவில் விசாரித்து வாங்கி வைத்திருக்கிறேன், வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்புகிறேன்.

இங்கே நான் படையலில் ஆயாவுக்கென்று ஒரு இலை போடுகிறேன். வடை, பாயசம், வாழைக்காய்ப் பொரியலோடு அவித்த பச்சை மல்லாட்டையும் வெற்றிலை பாக்கும் வைப்பேன். காக்காய்க்கு வைத்துவிட்டு, அகத்திக்கீரைக் கட்டைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்துவிடுவேன். சேலை ஒன்று எடுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் காய் பறிக்க மெஷின் வந்துவிட்டது, ஆனாலும் பழைய ஆட்களில் ஒரு அம்மா இன்னும் கழனிப் பக்கம் வருகிறார், அவருக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

பாப்பாவிடமும் இந்தக் கதையைச் சொல். அவளுக்குச் சுலபமாகப் புரியும்.

இலை போடுவதை அவளும் பார்க்கட்டும். இங்கே காலை ஒன்பது மணி என்றால் உனக்கு முந்தின ராத்திரி பதினொன்றரை. அவ்வளவு நேரம் அவள் விழித்திருக்க மாட்டாள் என்றால் சொல், நான் ஏழு மணிக்கே சமையலை முடித்து வீடியோவில் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா