மழைக்குப் பின்னால் வரும் கரும்பனி

ஆசிரியர் அவர்களுக்கு,

ரொறன்ரோவை நெருங்கும் குளிர்காற்று முகப்புக்கு (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்புக்கு) முன்னே பெய்யும் மழையை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சில மணி நேரத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கும்போது, அந்த ஈரமே கண்ணுக்குத் தெரியாத கரும்பனியாக உறைகிறது. அடியிலும் குளிர்காற்று புகுவதால் மேம்பாலங்களே முதலில் உறையும். சென்ற குளிர்காலத்தில் ஸ்காபறோவில் அத்தகைய பாலமொன்றில் பிறேக்கை மெதுவாகத்தான் மிதித்தேன். வாகனமோ பக்கவாட்டில் வழுக்கி, தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. எல்லாப் பருவத்துக்குமான ரயர்களின் இறப்பர் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன் (அறியாமல் ஓட்டியது என் தவறுதான்). அயல் மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் கட்டாயம். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்திலும் அதைச் சட்டமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்காபறோ வாசகர் ஒருவர்