பேசுகிற மிருகங்களுக்கு மனித ராஜா எதற்கு?

அன்புள்ள குட்டிம்மா,

நார்னியா என்ற மாய நாட்டைப் பற்றிய ஏழு கதைப் புத்தகங்களில் நாலாவதை முடித்த கையோடு நீ கேட்ட கேள்விக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன். முடியவில்லை. "அத்தை, அங்க மிருகமெல்லாம் பேசுது, யோசிக்குது, போர்ல சண்டை போடுது. அப்புறம் ஏன் ராஜா மட்டும் எப்பவும் மனுஷங்களாவே இருக்காங்க?" நல்ல கேள்வி. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம்.

முதலில் ஒரு சங்கதி. அந்தக் கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ், சின்னப் பையனாக இருந்தபோது உன் கட்சியில்தான் இருந்தார். 1898-ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் பிறந்தவர். 1905-ல் குடும்பம் ஊர்க்கோடியில் ஒரு பெரிய வீட்டுக்குக் குடிபோனது. அது மழை பெய்துகொண்டே இருக்கும் ஊர். பிள்ளைகள் நனைந்தால் காய்ச்சல் வரும் என்று வெளியே விடமாட்டார்கள். அவரும் அண்ணன் வார்னியும் வீட்டுக்குள் உட்கார்ந்தபடி ஆளுக்கு ஒரு நாட்டை உருவாக்கினார்கள். தம்பியுடையது விலங்கு நாடு. அங்கே எலிகள் சட்டை போட்டிருக்கும், முயல்கள் கவசம் மாட்டிக்கொண்டு பூனைகளோடு போருக்குப் போகும். அண்ணனுக்கு ரயிலும் நீராவிக் கப்பலும் உயிர். அவன் தேர்ந்தெடுத்த நாடு எது தெரியுமா? இந்தியா! இரண்டு நாடுகளுக்கும் கப்பல் விட வேண்டுமே, அதனால் இந்தியாவை இமயமலைக்குப் பின்னால் வெட்டி எடுத்து, தீவாக்கி, விலங்கு நாட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள். சேர்ந்த தேசத்துக்குப் பெயர் போக்ஸன். அங்கே விலங்கு நாட்டின் ராஜா ஒரு முயல். அரசாங்கத்தை ஆட்டிவைத்தது லார்ட் பிக் என்ற தவளை.

பார்த்தாயா? அந்த வயதில் முயலுக்கு மகுடம் வைப்பதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஐம்பத்தொரு வயதில், 1950-ல், நார்னியாவின் முதல் புத்தகம் வந்தபோது நான்கு சிம்மாசனங்களிலும் லண்டனிலிருந்து வந்த நான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவில் என்ன நடந்தது? அம்மா 1908-ல் புற்றுநோயில் போய்விட்டார். லூயிஸுக்கு அப்போது ஒன்பது வயது. வளர்ந்து கொஞ்ச காலம் கடவுள் இல்லை என்று இருந்தார். 1931-ல் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பினார். பைபிளின் தொடக்கத்தில், மீன், பறவை, மிருகம் எல்லாவற்றின் மேலும் மனிதனுக்குக் கடவுள் ஆட்சி கொடுக்கிறார். எல்லா மிருகங்களுக்கும் ஆதாம்தான் பெயர் வைக்கிறான். நார்னியாவில் அந்த நான்கு பிள்ளைகளில் பீட்டரை ‘ஆதாமின் மகன்’ என்றும் லூசியை ‘ஏவாளின் மகள்’ என்றும் கூப்பிடுவது வெறும் அலங்காரம் இல்லை. அதுதான் அவர்களுடைய பட்டா.

அவருக்கு இந்தப் பதில் போதுமானதாக இருந்திருக்கிறது. உனக்குப் போதாது. எனக்கும் போதவில்லை. ஆனால் அந்த ராஜாக்களுக்கு அவர் என்ன நிபந்தனை போட்டார் என்பதைப் பார்த்தால் விஷயம் கொஞ்சம் மாறுகிறது.

நீ இன்னும் படிக்காத ஆறாவது புத்தகத்தில் நார்னியா பிறக்கிறது. (இங்கிருந்து கொஞ்சம் கதையைச் சொல்லிவிடுவேன், திட்டாதே.) அங்கே முதல் ராஜா யார்? இளவரசன் இல்லை, வீரன் இல்லை. லண்டனில் குதிரைவண்டி ஓட்டிய ஃபிராங்க் என்ற வண்டிக்காரர். தனக்குப் படிப்பு அவ்வளவாக இல்லை என்று அவரே கூச்சப்படுகிறார். சிங்கம் அஸ்லான் அவரிடம் கேட்பது, மண்வெட்டி பிடித்து, ஏர் ஓட்டி, நிலத்திலிருந்து சோறு விளைவிக்கத் தெரியுமா என்று. பிறகு, இந்த மிருகங்கள் உன் ஊரின் வாயில்லா மிருகங்களைப் போல அடிமைகள் இல்லை, சுதந்திரமான குடிமக்கள் என்பதை மறக்காமல் நியாயமாக ஆளுவாயா என்று. யாரையும் செல்லம் கொடுத்துத் தனியாக வைக்காமல் இருப்பாயா என்று. எதிரி வந்தால் முதலில் முன்னேறி, கடைசியில் பின்வாங்குவாயா என்று. அந்த வண்டிக்காரரின் கிழட்டுக் குதிரைக்கு அதே நாளில் பேச்சும் வருகிறது, இறக்கையும் முளைக்கிறது! பல வருடம் சவுக்கைக் கையில் வைத்திருந்தவரை, அவர் குதிரை வாய் திறந்து பேச ஆரம்பித்த அதே இடத்தில் வைத்து ராஜாவாக்குகிறார் லூயிஸ். யோசித்துத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இந்தப் புத்தகங்களில் ராஜா யார் என்பது இரண்டாவது கேள்விதான். பேசுகிற உயிரா, பேசாத உயிரா என்பதுதான் முதல் கேள்வி. அஸ்லான் எல்லா மிருகங்களுக்கும் பேச்சைக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு இனத்திலும் இரண்டு இரண்டாகத் தேர்ந்து மூக்கோடு மூக்கு உரசுகிறார். தேராதவற்றை உங்களிடம் ஒப்படைக்கிறேன், அன்பாக நடத்துங்கள், ஆனால் அவற்றின் வழிக்குத் திரும்பிவிடாதீர்கள், திரும்பினால் பேச்சு போய்விடும் என்கிறார். கொடுத்ததைத் திரும்ப எடுக்கவும் முடியும். கடைசிப் புத்தகத்தில் ஒரு தந்திரக்காரப் பூனைக்கு அதுதான் நடக்கிறது. வாயைத் திறக்கிறது, மியாவ் தவிர வேறெதுவும் வரவில்லை. ஏழு புத்தகத்திலும் என்னைப் பயமுறுத்திய இடம் அதுதான். சூனியக்காரி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நீ இப்போது முடித்த புத்தகத்திலேயே இதற்குச் சரியான இடம் ஒன்று இருக்கிறது. பசியில் ஓடிவிட்டாயோ என்னவோ, திரும்பிப் போய்ப் பார். ராட்சதர்கள் கோட்டையில் மூன்று பேரும் மான் கறி சாப்பிடுகிறார்கள். அந்த மான் பேசுகிற மான் என்று பிறகு தெரிகிறது. ஜில்லுக்கு நார்னியா புதிது, பாவம் அந்த மான் என்று நினைக்கிறாள். யூஸ்டஸ் ஏற்கனவே ஒருமுறை வந்து பேசும் மிருகத்தோடு நட்பாகப் பழகியவன், அவனுக்கு அது கொலை. பட்டில்கிளம் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஒரு குழந்தையைத் தின்றுவிட்டது போல அவருக்கு உடம்பே குலுங்கிப்போகிறது. தட்டில் இருந்தது ஒரே கறி. யார் அந்த ஊரில் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதைப் பொறுத்து அதிர்ச்சி ஏறிக்கொண்டே போகிறது. பத்தே வரியில் எழுதிவிட்டார் மனுஷன்.

மீனுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. முதல் புத்தகத்தில் பீவர் வீட்டில் சுடச்சுட மீன் பொரித்துப் போடுகிறார்களே, அது எந்த வகையிலும் பேசாத மீன். நிஜ பீவர் மரப்பட்டையும் இலையும் தின்கிற சைவப் பிராணி என்பதையும் உன் அறிவியல் டீச்சரிடம் போய்ச் சொல்லிவிடாதே, கதையையே அடித்துத் திருத்தச் சொல்வார்.

சுண்டெலிகளின் கதை இன்னும் அழகு. அஸ்லானைக் கல்மேடையில் கட்டிப்போட்டுக் கொன்ற இரவில், விடியும் நேரத்தில் எலிகள் மேலே ஏறிக் கயிற்றைக் கடித்து அறுக்கின்றன. லூசியின் அக்கா சூசன் முதலில் அருவருப்போடு விரட்டப் பார்க்கிறாள். அப்போது அவை சாதாரண எலிகள். ரொம்ப காலம் கழித்து, வாலை இழந்த ரீப்பிச்சீப் என்ற வீர எலியிடம், உயிர்த்தெழுந்த அஸ்லான் சொல்லும்போதுதான் நமக்குத் தெரிகிறது, எலிகள் பேச ஆரம்பித்தது அந்த உதவிக்குப் பிறகுதான் என்று. மற்ற மிருகங்களுக்குப் பேச்சு பிறக்கும்போதே வந்தது. எலி மட்டும் சம்பாதித்தது. ரீப்பிச்சீப் அவ்வளவு ரோஷக்காரனாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

மனிதர்கள் ஆண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் லூயிஸ் எழுதவில்லை. இரண்டாவது புத்தகத்தில் வரும் இளவரசன் காஸ்பியனின் முன்னோர்களும் மனிதர்கள்தான். அவர்கள் படையெடுத்து வந்து மிருகங்களின் வாயை அடைத்தார்கள், குள்ளர்களைத் துரத்தினார்கள், பழைய நார்னியாவைப் பற்றிப் பேசவே கூடாது என்றார்கள். அந்தப் புத்தகத்தில் கரடி ஒன்று லூசி மேல் பாய வருகிறது. அது பேசும் கரடியாக இருந்துவிடுமோ என்று சூசன் அம்பு விடத் தயங்குகிறாள். பிறகு லூசி ஒரு கேள்வி கேட்கிறாள்: நம் ஊரில் மனிதர்களும் இப்படி உள்ளுக்குள் காட்டு மிருகமாகி, வெளியே மட்டும் மனிதர்களாகவே தெரிந்தால் என்ன செய்வது? புத்தகம் வந்த வருடம் 1951. உலகப் போர் முடிந்து ஆறே வருடம். முதல் புத்தகத்தில் அந்த நான்கு பிள்ளைகள் லண்டனை விட்டு ஊருக்கு வந்ததே குண்டுவீச்சுக்குப் பயந்துதான். ஆக்ஸ்ஃபோர்டில் லூயிஸின் வீட்டிலும் அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் தங்கினார்கள்.

கடைசி ராஜா டிரியன் செய்வதையும் கேள். பேசும் குதிரை ஒன்றை எதிரி நாட்டான் சவுக்கால் அடிப்பதைப் பார்த்து, கோபத்தில் எச்சரிக்காமலே அவனைக் கொன்றுவிடுகிறான். அப்புறம் அந்த வெட்கத்தில், தானாகவே எதிரியிடம் போய்ச் சரணடைகிறான். நம் மனுநீதிச் சோழன் கதையில் பசு பேசாது, மணியைத்தான் ஆட்டும். அதற்கே ராஜா தன் மகனைத் தேர்க்காலில் இட்டான். அந்தப் பசுவுக்குப் பேசத் தெரிந்திருந்தால் என்ன கேட்டிருக்கும் என்று உன் கேள்விக்கு அப்புறம் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

சரி, எனக்கு ஒத்துவராத இடத்தையும் சொல்லிவிட வேண்டும். நீ அடுத்து எடுக்கப்போகும் ஐந்தாவது புத்தகம் கலோர்மென் என்ற நாட்டில் தொடங்குகிறது. அங்கே மனிதர்கள் கறுத்த நிறம், தலைப்பாகை, வளைந்த வாள். பெரும்பாலும் கொடூரமானவர்கள், பணத்தாசை பிடித்தவர்கள். படிக்கும்போது உனக்கு எங்கேயோ குத்தும், குத்த வேண்டும். நார்னியாவில் ஒரு எலிக்குக் கிடைக்கிற மரியாதை இந்தப் புத்தகங்களில் தலைப்பாகை கட்டிய மனிதனுக்குக் கிடைப்பதில்லை. சின்ன வயதில் இந்தியாவைப் பக்கத்துத் தீவாக்கி வைத்துக்கொண்ட பையன், வளர்ந்த பிறகு கிழக்கத்திய நாட்டை ஏன் இப்படி வரைந்தார் என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் அதே புத்தகத்தில் அராவிஸ் என்ற கலோர்மென் பெண் இருக்கிறாள். பிடிக்காத கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்த்ததால் வீட்டை விட்டு வந்தவள், எனக்கு லூசியைவிட அவளைப் பிடிக்கும். புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்கு அவளும் ஒரு காரணம்.

அவள் ஏறி வரும் ஹ்வின்னும் பையன் ஷாஸ்தா ஏறி வரும் பிரீயும் பேசும் குதிரைகள். ஓரிடத்தில் அராவிஸ் ‘என் குதிரை’ என்று சொல்லிவிடுகிறாள். பிரீ உடனே திருத்துகிறது: அப்படியானால் ஹ்வின்னும் உன்னை ‘என் மனுஷி’ என்று சொல்லலாமே! உன் கேள்விக்கு லூயிஸ் புத்தகத்துக்குள்ளேயே எழுதிவைத்த மிக நேர்மையான பதில் இந்தக் கேலிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் புத்தகம் முழுக்கவே குதிரைதான் பையனுக்குச் சவாரி சொல்லித்தருகிறது. கடிவாளத்தைத் தொடக் கூடாது, விழுந்தால் எழுந்து ஏறு, அவ்வளவுதான் பாடம். பிரீக்கு ஒரே ஒரு ரகசியக் கவலை உண்டு. புல்லில் உருண்டு புரள்வது அதற்கு ரொம்பப் பிடிக்கும். நார்னியாவின் மரியாதையான குதிரைகள் அப்படிப் புரளுமா, புரளாதா என்று தெரியாமல் கடைசிவரை தவிக்கிறது.

ஒரு விஷயம், உங்கப்பா வாங்கித் தந்த பெட்டியில் எண் வேறு மாதிரி போட்டிருக்கும், நார்னியா பிறக்கும் கதைக்கு 1 என்று. கண்டுகொள்ளாதே. அது கதைக்குள் நடக்கும் கால வரிசை. நீ இப்போது போகிற மாதிரியே, வெளிவந்த வரிசையிலேயே போ. நார்னியாவுக்கு வழிவிடும் அலமாரியையும் அங்கே காட்டுக்குள் எரியும் தெருவிளக்கையும் முதலில் பார்த்து, அந்த விளக்கு ஏன் அங்கே நிற்கிறது என்று ஐந்து புத்தகமாகக் காத்திருந்தவர்களுக்குத்தான் ஆறாவதில் சுவை.

முடித்ததும் உன்னுடைய நார்னியாவில் யார் ராஜா என்று எனக்கு எழுது. என் ஓட்டு இரண்டாவது புத்தகத்தில் வரும் ட்ரஃபிள்ஹண்டருக்கு, வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற மிருகம் அது. எல்லாரும் மறந்த பிறகும் பழைய கதையை நினைவில் வைத்திருந்தது அதுதான். ஆதாமின் மகன் ஆண்டால்தான் நார்னியா நார்னியாவாக இருக்கும் என்று அடித்துச் சொல்வதும் அதேதான். ஆகவே நிற்கச் சொன்னால் சம்மதிக்காது, நீயும் நானும் சேர்ந்து பேசித்தான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அத்தை