இரத்தத்துக்குப் புது வர்ணம் பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கும்பாபிஷேகத்துக்கோ திருவிழாவுக்கோ நாள் குறித்துவிட்டால் கொழும்புக் கோவில்களிலும் தேவாலயங்களிலும் பழைய ஓவியங்களுக்கும் சேர்த்தே வர்ணம் பேசப்படுகிறது. அவற்றிலும் முதலில் தூரிகை படுவது அம்பு தைத்த புனித செபஸ்தியாரின் காயங்களிலும் கண்ணப்பரின் கண்ணிலும் சூரசம்ஹாரப் போர்க்களத்திலும்தான். ஓவியத்தில் சிவப்பு முந்திக் கெடுகிறது, ஆகவே அதை முந்திப் பூசுகிறார்கள். பரிபாலன சபைகளும் பங்குச் சபைகளும் வேலையை ஒப்படைக்குமுன் தயவுசெய்து இதை வாசிக்க வேண்டும்.

இத்தகைய படங்களில் குருதி எங்கே, எவ்வளவு என்பதுதான் கதை. கண்ணப்பர் படத்தில் இலிங்கத்தின் ஒரு கண்ணில் குருதி நின்றிருக்க வேண்டும். மறு கண்ணில் வழிய வேண்டும். செருப்பணிந்த காலின் விரல் அந்த மறு கண்ணின் மேல் இருக்க வேண்டும். இரண்டு கண்ணிலும் சிவப்பை வழியவிட்டால் அவர் ஏன் காலை ஊன்றினார் என்பதே விளங்காது. செபஸ்தியாரும் அப்படியே. மரபின்படி அவர் அம்பு பட்டு இறக்கவில்லை. ஐரீன் என்ற பெண் காயங்களை ஆற்றினார், பிறகே செபஸ்தியார் தடியால் அடித்துக் கொல்லப்பட்டார். அதனால்தான் பல பழைய ஓவியர்கள் அம்பின் அடியில் மெல்லிய கோடு ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். இத்தாலிய ஓவியர்களான போலாயுவோலோ சகோதரர்கள் 1475இல் முடித்த படம் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதில் கொடுமை முழுவதும், குனிந்து மூச்சைப் பிடித்து வில்லை இழுத்துப் பூட்டும் ஆட்களின் தசைநாரில் தெரிகிறது. வேதசாட்சியின் உடம்பைச் சிவப்பால் நனைத்தால் அந்தக் கணக்கு முழுவதும் கெட்டுப்போகும்.

இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608இல் மால்டாவின் வலெற்றாவில் வரைந்த ஸ்நாபக அருளப்பர் சிரச்சேதத்தில், கழுத்திலிருந்து தரையில் ஒழுகிய குருதியிலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அது. 1950களில் முறையாகச் சுத்தம் செய்தபோதுதான் அந்த எழுத்துத் தெளிவாகக் கண்ணில் பட்டது. இடையில் யாராவது அந்த இடத்தைப் பளிச்சென்று ஆக்கியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? எதிர்மாறாகவும் நடந்திருக்கிறது. பிளெமிஷ் ஓவியர் மூத்த புரூகலின் 'மாசற்ற குழந்தைகள் படுகொலை' பேரரசர் இரண்டாம் ருடோல்ஃபின் கைக்குப் போனபின், கொல்லப்பட்ட குழந்தைகள் மேல் மூட்டைகளும் பறவைகளும் விலங்குகளும் பூசப்பட்டன. படுகொலை வெறும் கொள்ளைக் காட்சியாகிவிட்டது. பிரித்தானிய அரச சேகரிப்பில் அது இன்றும் அப்படியே இருக்கிறது. புரூகலின் மகன் வரைந்த பிரதிகள் தப்பியதால்தான் முதலில் இருந்தது என்னவென்று தெரிகிறது.

போர்க்கள ஓவியத்துக்கு நமக்குப் பக்கத்திலுள்ள சான்று, கர்நாடகத்தின் சிறிரங்கப்பட்டணத்துத் தாரியா தௌலத் மாளிகைச் சுவர். 1780 செப்டெம்பர் 10இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் வென்ற போர் அதில் இருக்கிறது. பிரித்தானியப் படையின் சதுர அணி நடுவே பல்லக்கில் அதன் தளபதி கேணல் பெய்லி. அவர் பிடிபட்டு 1782இல் சிறையிலேயே இறந்தார். ஆனால் அந்தச் சுவர் 1855இல் பிரித்தானிய ஆளுநர் நாயகம் டல்ஹவுசியின் உத்தரவில் மீள வரையப்பட்டது. ஆகவே அதில் தெரியும் சட்டைப் பொத்தானையோ துவக்கையோ திப்பு காலத்துச் சாட்சியாக அப்படியே எடுக்க எந்த வரலாற்றாசிரியரும் யோசிப்பார். ஒருமுறை பூசிய பூச்சு தரும் சந்தேகம் நூற்றாண்டுகளுக்கும் நீங்காது.

சிவப்பு ஏன் கெடுகிறது? சாதிலிங்கம் (பாதரசம் சேர்ந்த சிவப்பு வர்ணம்) வெளிச்சத்தோடு குளோரைட் உப்பும் சேர்ந்தால் மேற்பரப்பில் கறுக்கும். கடலோர நகரத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அந்தக் கறுப்பு மிக மெல்லிய படலம், அடியில் சிவப்பு அப்படியே இருக்கும். தேய்த்தால் இரண்டும் சேர்ந்து போகும். பூச்சிகளிலிருந்து எடுக்கும் அரக்குச் சிவப்பும் கொச்சினீலும் வேறுவிதம், வெளிச்சத்தில் வெளிறிவிடும். ஆகவே கறுத்த குருதியும் வெளிறிய குருதியும் ஒரே நோய் அல்ல. இரண்டுக்கும் ஒரே எனாமல் டப்பாவைத் திறப்பது தவறு. சுவர் ஓவியத்தில் எனாமல் இன்னும் மோசம். சுண்ணச் சாந்துச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு மூச்சுவிடும். எனாமல் அதை அடைக்கிறது. ஈரத்தோடு வரும் உப்பு பூச்சின் பின்னால் பளிங்காகி, ஒரு சில மழைக்காலத்துக்குள் பழைய வர்ணத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். உதிர்ந்த இடத்தைச் சீமெந்தால் அடைப்பது புதிதாக உப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதாகும். பீலியும் தண்ணீர்க் குழாயும் ஒழுகுகின்றனவா என்று பார்க்காமல் ஓவியத்தைத் தொடவே கூடாது.

முதல் வேலை படம்பிடிப்பது: நேரே ஒன்று, டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து ஒன்று, பக்கத்தில் அளவுகோலும் வர்ண அட்டையும் வைத்து. சாய்ந்த வெளிச்சத்தில் வர்ணச் செதில்களின் ஓரம் நிழல் விழுத்தினால், அங்கே தூசுகூடத் தட்டக்கூடாது. நிபுணர் வரும்வரை விட்டுவிடுங்கள். உறுதியான இடத்தில் மென்மையான ஆட்டுமுடித் தூரிகையால் தூசைத் தள்ளி, குழாய் வாயில் வலை கட்டிய தூசு உறிஞ்சியால் எடுக்கலாம். வெட்டிய உருளைக்கிழங்கு, பாண் துண்டு, சவர்க்காரத் தண்ணீர் மூன்றும் வேண்டாம். மாப்பொருள் ஒட்டிநின்று பூஞ்சணத்துக்குச் சோறாகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது ஆபத்து: சாதிலிங்கத்தில் பாதரசம், அரிதாரம் என்ற மஞ்சள் வர்ணத்தில் ஆர்சனிக், பழைய வெள்ளையில் ஈயம். அந்தத் தூசை மூச்சில் இழுப்பவர் கூலிக்கு வந்த தொழிலாளி.

புற ஊதா டோர்ச்சை இருட்டில் பிடித்தால் பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் வெளிறிய பச்சையாக ஒளிரும், பிற்காலத் திருத்தம் பெரும்பாலும் கறுத்துத் தெரியும். வர்ணம் அறவே போன இடத்தை மட்டும் நிரப்பி, பின்னர் கழுவி எடுக்கக்கூடிய நீர்வர்ணத்தால், கிட்ட வந்தால் தெரியும் மெல்லிய செங்குத்துக் கோடுகளாகத் தீட்டலாம். எஞ்சிய மூலவர்ணத்தின் மேல் ஒரு மயிரளவும் ஏறக்கூடாது. எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), கண்ணாடிச் சட்டத்திலுள்ள அச்சுப் படத்துக்கு 50 லக்ஸ் போதும். படச்சட்டத்தின் பின்னால் தக்கைத் துண்டு வைத்துச் சுவரிலிருந்து இரண்டு சென்ரிமீற்றராவது விலக்குங்கள். மெழுகுதிரியும் கற்பூரமும் எட்டவே இருக்கட்டும். பூசை நேரத்துக்கு மட்டும் ஏசி போட்டு நிறுத்துவது, போடாமல் இருப்பதைவிடக் கெடுதி.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் முதன்மையாகக் கவனிப்பது 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றை. கொழும்பில் நாம் கும்பிடும் படங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. அவற்றின் கதி சபைக் கூட்டத்தில்தான் முடிவாகிறது. அந்தக் கூட்டத்தில் ஒப்பந்தம் எழுதும்போது நான்கு விடயங்களைச் சேர்க்கும்படி கேட்கிறோம்: எனாமலும் படகு வார்னிஷும் பாவிக்கக்கூடாது, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களின் பிரதி சபையிடம் இருக்க வேண்டும், தொட்ட ஒவ்வோர் இடமும் ஒரு வரைபடத்தில் திகதியோடு குறிக்கப்பட வேண்டும், கடைசித் தவணைப் பணம் அந்த வரைபடம் கைக்கு வந்த பிறகே.

ஓவியப் பராமரிப்பில் ஈடுபடுவோர்,
கொழும்பு 13.